வேலாண்டிகுளத்துக் கல்யாணக் காருக்கு ஸ்பீக்கர் மாட்டிய கதை

புளியங்குடிக்குத் தெற்கே வேலாண்டிகுளம் என்று ஓர் ஊர். அங்கே ஓர் எலுமிச்சந்தோப்பும் அதற்குச் சொந்தக்காரர்களாக அண்ணன் தம்பிகள் நான்கு பேரும் உண்டு. தோப்பில் காய்க்கிற எலுமிச்சை கேரளா வரைக்கும் போகும். அண்ணன் தம்பிகளின் பெயர் அதைவிடத் தூரம் போயிருந்தது. அதனால்தான் மூத்தவன் சொரிமுத்துவுக்கு நாற்பத்து மூன்று வயதாகியும் பெண் கிடைக்கவில்லை.

எந்த வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டாலும் ஒரே கேள்விதான். "தெனமும் தண்ணி பாய்ச்சணும்னு விவசாய ஆபீசர் சொன்னாருன்னு, கொட்டுற மழையில ஆளுக்கொரு குடை பிடிச்சிக்கிட்டுத் தண்ணி பாய்ச்சுனது நீங்கதானே?"

இது அபாண்டம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடை. அதை நான்கு பேரும் முறை வைத்துத்தான் பிடித்தார்கள்.

சொரிமுத்து நல்ல மனுஷன். கார் ஓட்டத் தெரியும், கோபம் வராது. இரண்டாவது தம்பி தளவாய், யார் எது சொன்னாலும் ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம் செய்துவிடுவான். அர்த்தம் மட்டும் தங்காது. மூன்றாவது பேச்சிமுத்து பலசாலி. ஒரு பொருளைத் தூக்கலாமா என்று மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவன் தூக்கியிருப்பான். கடைக்குட்டி மாசானம் வீட்டுக்கு அறிவாளி. ஒன்பதாம் வகுப்பை அந்த ஊரிலேயே அதிகத் தடவை படித்தவன் அவன்தான்.

கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பனையடிப்பட்டியில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. பெயர் செல்லக்கனி. இவர்கள் புகழ் இன்னும் ஆற்றைத் தாண்டியிருக்கவில்லை. மூன்றாம் கையாக வாங்கிய வெள்ளைக் காரில், எலுமிச்சை மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, நான்கு பேரும் பெண் பார்க்கப் போனார்கள்.

பெண்ணின் அப்பா பால்ச்சாமி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"மாப்ள, கார் வந்திருக்கு, சரி. திரும்பிப் போகவும் செய்யுமா?"

"செய்யும் மாமா. போன தடவ வெளியூர் போனப்ப வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு" என்றான் சொரிமுத்து.

பால்ச்சாமிக்குத் திருப்தி. "விவரமான மாப்ள" என்று மனைவியிடம் சொன்னார்.

காப்பி கொண்டு வந்த செல்லக்கனி, மற்றப் பெண்களைப் போல உள்ளே ஓடாமல் நின்றாள்.

"எனக்கு ஒரே ஒரு ஆசதான். எங்க அக்காவக் கல்யாணம் முடிச்சுக் கூட்டிட்டுப் போகும்போது அத்தான் வழி பூரா உரத்தப் பத்தியும் பூச்சி மருந்தப் பத்தியும் பேசிட்டே போனாவளாம். வருசம் எத்தனையோ ஆச்சு, அந்தப் பேச்சு இன்னும் முடியல. அதனால கல்யாணம் முடிஞ்சு போகும்போது நான் பாட்டுக் கேட்டுக்கிட்டே போகணும். நகை வேண்டாம், நட்டு வேண்டாம். ஆனா பாட்டு இல்லன்னா நடுவழின்னும் பாக்க மாட்டேன், எறங்கி வீட்டுக்கு வந்துருவேன்."

"அவ சொன்னா சொன்னதுதான் மாப்ள" என்றார் பால்ச்சாமி. "ஒரு தடவ கோவில் திருவிழாவுல மேளம் நின்னு போச்சுன்னு சாமியவே விட்டுட்டு வந்துட்டா."

சொரிமுத்து அந்த இடத்திலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டான். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவனிடம் ஒரு பெண் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் விஷயம் இது. உயிரைக் கொடுத்தாவது நிறைவேற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் காரில் பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள். முன் கதவு இரண்டிலும் இருந்த ஸ்பீக்கர்களில் அப்பளம் பொரிகிற சத்தம்தான் வந்தது. மாசானம் ஓட்டை வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"எலி தின்னுருக்கு அண்ணே."

"எத?"

"பாட்டத்தான். இந்தா, பாதி தின்னுட்டு மிச்சம் வச்சிருக்கு. அதான் இப்படிக் கேக்குது."

எலியைப் பிடித்தால் பாட்டை மீட்கலாமா என்று பேச்சிமுத்து கேட்டான். தின்ற பாட்டு இத்தனை நாள் செரிக்காமல் இருக்காது என்று மாசானம் விளக்கியதும் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. புது ஸ்பீக்கர்தான் வாங்க வேண்டும்.

தென்காசியில் கார் சாமான்கள் விற்கிற அசன் பாய்க்குப் போன் போட்டார்கள். பாய் பொறுமைசாலி. அன்று வரைக்கும்.

"அண்ணாச்சி, கதவக் கழட்டிப் பாருங்க. உள்ள ஸ்பீக்கர் இருக்கும். அதோட அளவு மாறாம கொண்டு வாங்க, அதே அளவுல புதுசு தாரேன்."

பாய் நினைத்தது கதவின் உள்பக்கத்து அட்டையை. வாய் சொன்னது கதவை. வேலாண்டிகுளத்தில் வாய் சொன்னதுதான் கணக்கு. பேச்சிமுத்து முன் கதவு இரண்டையும் காரிலிருந்து கழற்றி எடுத்துவிட்டான்.

"அளவு மாறக் கூடாதுன்னு சொன்னாரு" என்று தளவாய் ஒப்பித்தான்.

மாசானம் வானத்தைப் பார்த்தான். "வெயில் பட்டா இரும்பு விரியும்னு பாடத்துல வருது. தென்காசி போய்ச் சேர்றதுக்குள்ள கதவு நீண்டு போச்சுன்னா?"

ஆகவே கதவுகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பேச்சிமுத்து ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கதவைத் தன் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் வந்து ஏதோ கேட்டார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை. சாக்கை விலக்கி, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கி, "என்ன சார்?" என்றான். டிக்கெட் வாங்கிக்கொண்டு மறுபடி கண்ணாடியை ஏற்றிவிட்டான். கடையநல்லூரில் ஏறிய பெரியவர் ஒருவர் கண்ணாடியை மெல்லத் தட்டி, "தம்பி, உள்ள எடம் இருக்கா?" என்று கேட்டார். பேச்சிமுத்து மரியாதையாகக் கதவைத் திறந்து அவரை உட்காரவைத்து, திரும்பச் சாத்திக்கொண்டான். இறங்கும்போது பெரியவர் சொன்னார், பஸ்ஸில் இவ்வளவு சொகுசாகத் தான் போனதே இல்லை என்று.

ஈரம் சொட்டும் இரண்டு கதவுகளைக் கண்டதும் அசன் பாய் வெளியே வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "கார் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"கார் வீட்ல இருக்கு பாய். நீங்க கதவத்தானே கேட்டீங்க?" என்றான் சொரிமுத்து.

பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வரிசையாக இருந்த ஸ்பீக்கர்களைக் காட்டினார். "எல்லாமே உங்க கதவுக்குப் பொருந்தும். காதால கேட்டுப் பாருங்க. எது பிடிக்குதோ அத எடுத்துக்கோங்க."

முதல் ஸ்பீக்கரில் ஒரு சோகப் பாட்டு வந்தது. தளவாய் அழுதுவிட்டான். கல்யாண வீட்டுக்கு அழுகிற ஸ்பீக்கர் ஆகாது என்று அதைத் தள்ளினார்கள். பாய் ரேடியோவைத் திருப்பி இரண்டாவது ஸ்பீக்கருக்கு மாற்றினார். தென் மாவட்டங்களில் கனமழைக்கு வாய்ப்பு என்றது அது. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பேசுற பேச்சா இது?" என்று மாசானத்துக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவதில் நாதஸ்வரம் வந்தது. நான்கு பேரும் ஒரே குரலில், "இதுதான்!" என்றார்கள்.

"அண்ணாச்சி, பாட்டு ஸ்பீக்கர்ல இல்ல. பாட்டுப் பெட்டியில இருக்கு. எந்த ஸ்பீக்கர்லயும் எந்தப் பாட்டும் வரும்."

சொரிமுத்து தம்பிகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். வியாபாரி. மழை ஸ்பீக்கரைத் தள்ளிவிடப் பார்க்கிறார்.

கடையில் இன்னொரு வாடிக்கையாளர் இருந்தார். ஸ்பீக்கர் விஷயத்தில் எல்லாம் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் ஒருவர் இல்லாத கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பிறகு திறந்து, "நல்ல ஸ்பீக்கர்னா நெஞ்சுல வந்து இடிக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பேச்சிமுத்து உடனே நாதஸ்வர ஸ்பீக்கரைத் தூக்கித் தன் நெஞ்சில் ஓங்கி இடித்துக்கொண்டான். கண் கலங்கியது.

"எப்படி இருக்குல?" என்றான் சொரிமுத்து.

"அருமையா இருக்கு அண்ணே. மூச்சே விட முடியல."

ஸ்பீக்கர் முடிவாயிற்று. "கதவுதான் கையோட இருக்கே, இப்பவே மாட்டித் தந்துருதேன்" என்று பாய் திருப்புளியை எடுத்தார். நான்கு பேரும் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்கள். அப்போது ராகு காலம். கல்யாணக் காருக்கு ராகு காலத்தில் ஸ்பீக்கர் மாட்டினால் விளங்குமா? பந்தக்கால் நடுகிற முகூர்த்தத்தில் வீட்டில் வைத்துத் தாங்களே மாட்டிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அசன் பாய் ஒவ்வொரு வார்த்தையாக எண்ணி வைப்பது போலச் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கோங்க. இடதும் வலதும் மாறக் கூடாது. இதுல பெரிய காந்தம் இருக்கு, பக்கத்துல இரும்பு இருக்கக் கூடாது. புது ஸ்பீக்கர், எடுத்த எடுப்புல சத்தமா வைக்காதீங்க, கொஞ்ச நாள் பழகட்டும். அப்புறம், ஓட்டுறவரு கவனம் செதறுற மாதிரி அவரு காதுல பாட்டு விழக் கூடாது. அவ்வளவுதான்."

தளவாய் முழுவதையும் மனப்பாடம் செய்தான். அங்கேதான் விதி சிரித்தது.

பந்தக்கால் நட்ட கையோடு வேலையைத் தொடங்கினார்கள். கதவுகளைக் காரில் தேங்காய் நார்க் கயிற்றால் இறுகக் கட்டியாயிற்று. அடுத்து, எது இடது?

மாசானம் காருக்கு முன்னால் வந்து, காரைப் பார்த்து நின்று, "இதுதான் இடது" என்று கை காட்டினான். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்த சொரிமுத்து, "இல்லல, இதாக்கும் இடது" என்று எதிர்ப்பக்கம் காட்டினான். இருவரும் சாப்பிடுகிற கையை வைத்துச் சரிபார்த்தார்கள். இருவரும் சரி.

பேச்சிமுத்து யோசித்துச் சொன்னான். "அப்பம் நம்ம கார்ல ரெண்டு பக்கமும் இடதுதான். வலதே கெடையாது."

"அதான் இத்தன நாளா ஒழுங்காப் பாடல" என்றான் தளவாய்.

நெடுநேரம் பேசினார்கள். மாசானம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் திரும்பும் போதெல்லாம் இடதும் கூடவே திரும்பியது. கடைசியில் அவன் முகம் தெளிந்தது.

"அண்ணே, இடது வலத எடத்துல வச்சாத்தான் மாறுது. ஆள் மேல வச்சிட்டா? ஆள் எங்க போனாலும் அதே ஆள்தானே. தளவாய் அண்ணன் இனிமே இடது. பேச்சிமுத்து அண்ணன் வலது. அவங்கவங்க ஸ்பீக்கர அவங்கவங்க கையில வச்சுக்கட்டும்."

ஒன்பதாம் வகுப்பைத் திரும்பத் திரும்பப் படித்தது வீண் போகவில்லை என்று சொரிமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது. தளவாயும் பேச்சிமுத்துவும் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு ஆளுக்கொரு ஸ்பீக்கரைப் பச்சைப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டார்கள்.

பேச்சிமுத்து தன் ஸ்பீக்கரைக் கதவுப் பக்கம் கொண்டு போனதுதான் தாமதம், 'டப்' என்று காந்தம் கதவில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் அலறினார்கள்.

"இரும்பு! பக்கத்துல இரும்பு இருக்கக் கூடாதுன்னு பாய் சொன்னாரே!" என்றான் தளவாய்.

"கதவு இரும்புல" என்றான் சொரிமுத்து.

"கதவ எடுத்துருவோம்."

"கதவ எடுத்தாலும் கார் இரும்புல்லா."

"காரையும் எடுத்துருவோம்" என்று பேச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினான். மாசானம்தான் தடுத்தான். கார் இல்லாமல் காருக்கு ஸ்பீக்கர் மாட்டினால் பார்க்கிறவர்கள் நம்மை முட்டாள் என்று நினைப்பார்கள் என்றான்.

சொரிமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. பாட்டு இல்லையென்றால் அவள் இறங்கிவிடுவாள். நடுவழியில் இறங்கி, ஆற்றைத் தாண்டிப் போய்விடுவாள்.

"மரத்துல செஞ்ச வண்டி இருக்கே" என்றான் மாசானம் மெதுவாக. "நம்ம மாட்டு வண்டி. ஸ்பீக்கர் அதுல வரட்டும். வயர் நீளமா வாங்கிக் கார்ல இருந்து வண்டிக்குக் கொடுத்துருவோம். கார் முன்னால, வண்டி பின்னால."

பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மாட்டு வண்டியிலும் சக்கரத்துப் பட்டை இரும்பு, அச்சு இரும்பு. எல்லாவற்றுக்கும் வைக்கோல் பிரி சுற்றினார்கள். காளைகளின் லாடமும் இரும்புதான். நான்கு கால் வீதம் எட்டுக் கால்களுக்கும் சாக்கில் செருப்பு தைத்துப் போட்டார்கள். கழுத்து மணி வெண்கலம் என்பதால் அதற்கு மட்டும் மாசானம் அனுமதி கொடுத்தான்.

அடுத்தது பழக்குவது. ஸ்பீக்கர்களை நடு வீட்டில் ஒரு மரப் பலகையில் வைத்து, பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். புதிதாக வந்தவர்கள் மிரளக் கூடாது அல்லவா? வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்றே பேசினார்கள். சேவலைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தை வேலம்மாளுக்கு வெண்கலத் தொண்டை. அவள் "சோறு வெந்துருச்சு" என்று சொன்னால் பக்கத்துத் தெருவில் இலை போடுவார்கள். அவளைக் கல்யாணம் முடிகிற வரைக்கும் தோப்பில் அடுப்பு வைத்துச் சமைக்கச் சொல்லிவிட்டார்கள்.

யாரும் இல்லாத நேரத்தில் சொரிமுத்து மட்டும் பலகை முன்னால் குத்தவைத்து உட்காருவான். "செல்லக்கனி" என்று அவற்றின் காதில் மெல்லச் சொல்லுவான். "அவ பேரு செல்லக்கனி. அவ ஏறினதும் நல்லாப் பாடணும், என்னா? என் மானத்தக் காப்பாத்துங்க." சொல்லும்போதே வெட்கம் வந்துவிடும். எழுந்து போய்விடுவான்.

கல்யாணம் பனையடிப்பட்டியில் சிறப்பாக நடந்தது. மாட்டு வண்டி முதல் நாளே கிளம்பி வந்து சேர்ந்துவிட்டது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். காருக்குப் பின்னால் நீள வயர். அதன் முடிவில் செருப்புப் போட்ட காளைகள் பூட்டிய வண்டி. அதில் இடது தளவாய், வலது பேச்சிமுத்து, மடியில் ஸ்பீக்கர்கள். மூக்கணாங்கயிறு மாசானத்தின் கையில். துணைக்கு வர வேண்டிய பெண் வீட்டுச் சித்தி, காரின் கதவுகள் கயிற்றில் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தான் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். பால்ச்சாமி மட்டும் காளைகளின் செருப்பைத் தடவிப் பார்த்து, "மாட்டுக்கே இவ்வளவு பாக்குறாவளே, என் பொண்ணு குடுத்து வச்சவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முன் சீட்டில் வயர் சுருளும் தாம்பூலக் கூடையும் இருந்ததால் செல்லக்கனி பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஓட்டுறவரு காதுல பாட்டு விழக் கூடாது" என்று தளவாய் வண்டியிலிருந்து ஒப்பித்தான். சொரிமுத்து இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டான். அதற்கு முன்பாக அவன் காதில் கடைசியாக விழுந்தது பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பேச்சு. "வாசல் தாண்டினப்புறம் திரும்பிப் பாக்காமப் போங்க." கண்ணாடியில் பார்ப்பதும் திரும்பிப் பார்ப்பதுதானே? மேலே இருந்த கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான்.

கார் மாட்டு வண்டி வேகத்தில் நகர்ந்தது. பாட்டு தொடங்கியது.

சொரிமுத்துவுக்கு எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே அவனுக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் பாய் சொன்னபடி நடக்கிறது. பின்னால் அவள் பாட்டில் மூழ்கி உட்கார்ந்திருக்கிறாள். எப்படிப்பட்ட பெண்! தொணதொணவென்று ஒரு வார்த்தை உண்டா? ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, இனிமேல் தான் தனி ஆள் இல்லை என்ற நினைப்பு வந்து கண்ணீர் முட்டியது. சந்தோஷத்தில் காலைக் கொஞ்சம் அழுத்திவிட்டான். கார் துள்ளி ஓடியது.

பின்னால் நடந்தது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீக்கர் இன்னும் பழகாத ஸ்பீக்கர், ஆகையால் ரகசியம் பேசுகிற சத்தத்தில்தான் வைத்திருந்தார்கள். அதுவும் பின்னால் வண்டியில். காரில் இருந்த செல்லக்கனிக்கு எறும்பு நடப்பது கேட்டாலும் கேட்கும், பாட்டுக் கேட்காது. "ஏங்க, பாட்டு எங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. "ஏங்க!" என்று தோளைத் தொடப் போனாள். புது மாப்பிள்ளையைப் பட்டப்பகலில் தொடுவது மரியாதை இல்லை என்று கையை இழுத்துக்கொண்டாள். பின்னால் எட்டிப் பார்த்தாள். பாட்டு அங்கே இருக்கிறது. கார் நடை வேகத்தில்தான் போகிறது. கதவைத் திறந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்து போய் மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"வாங்க மதினி" என்று தளவாய் நகர்ந்து இடம் கொடுத்தான்.

அவள் ஸ்பீக்கர் அருகில் காதை வைத்துக் கேட்டு, லேசாகச் சிரிக்கவும், கார் துள்ளி ஓடவும், வயர் பட்டென்று அறுந்து போகவும் சரியாக இருந்தது. பாட்டு நின்றது.

செல்லக்கனியின் முகம் மாறியது. "பாட்டு எங்க?"

தளவாய் அறுந்த வயர் நுனியை ஊதிப் பார்த்தான்.

"நான் அன்னைக்கே சொல்லிட்டேன். பாட்டு இல்லன்னா எறங்கிருவேன்." ஒரு காலை வண்டிக்கு வெளியே போட்டாள்.

தளவாய் பேச்சிமுத்துவைப் பார்த்தான். பேச்சிமுத்து தன் கையில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தான். அண்ணன் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஸ்பீக்கர் காதில் கெஞ்சியதை இருவரும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவர்கள்தான்.

"நான் இடதுதானே?" என்றான் தளவாய்.

"ஆமா. நான் வலது."

தளவாய்க்குத் தெரிந்தது ஒரே ஒரு கும்மிப் பாட்டு. அதை எடுத்துவிட்டான். பேச்சிமுத்துவுக்குப் பாட்டே தெரியாது. புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை ஏலம் கூறுகிற ராகம் மட்டும் மனசில் இருந்தது. அதை ஓங்கிய குரலில் கூறத் தொடங்கினான். மாசானம் வெண்கல மணியை ஆட்டினான். செல்லக்கனி வெளியே போட்ட காலை அந்தரத்தில் வைத்தபடியே கேட்டாள். பிறகு காலை மெல்ல உள்ளே எடுத்துக்கொண்டாள்.

சொரிமுத்து வேலாண்டிகுளத்துக்கு வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. வேலம்மாள் அத்தை ஆரத்தித் தட்டோடு வந்தாள். பின் கதவைத் திறந்து, குனிந்து பார்த்து, ஊரே அதிர ஒரு சத்தம் போட்டாள். அத்தைக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது என்று சொரிமுத்து நினைத்தான். "நல்ல பொண்ணு அத்த. வழியில ஒரு வார்த்த பேசல" என்றான்.

அத்தை அவன் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். "பொண்ணு எங்கல?"

அவன் திரும்பிப் பார்த்தான். பின் சீட்டில் ஒரு முழம் மல்லிகைப்பூ மட்டும் கிடந்தது.

அந்தப் பூவைக் கையில் எடுத்துக்கொண்டு கார் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பாட்டு நின்றிருக்கும். இறங்கிப் போயிருப்பாள். ஒரு பெண் ஒரே ஒரு ஆசை சொன்னாள், அதைக்கூடச் செய்யத் துப்பில்லை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதுவும் அவன் காதில் ஏறவில்லை, இத்தனைக்கும் இப்போது பஞ்சுகூட இல்லை.

பொழுது சாய்கிற வேளையில் தெரு முனையில் ஒரு சத்தம் கேட்டது. ஒரு பக்கம் கும்மி, ஒரு பக்கம் எலுமிச்சை ஏலம், நடுவில் மணி. காளைகள் செருப்புக் காலோடு வந்து நின்றன. வண்டியிலிருந்து செல்லக்கனி இறங்கினாள்.

சொரிமுத்து எழுந்து நின்றான். பூவை நீட்டினான்.

அவள் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "ஸ்பீக்கர் நல்லா இருக்கு" என்றாள். "இடது ரொம்ப சுத்தம். வலதுக்குத்தான் சத்தம் கூட, நெஞ்சுல வந்து இடிக்குது. ஆனா ஒண்ணு. நான் கார்லதானே கேக்கணும்னு நெனச்சேன்?"

மறுநாளே அந்தக் குறையும் தீர்ந்தது. இடது கதவோரம் தளவாய் உட்கார்ந்தான். வலது கதவோரம் ஓட்டுகிறவன் இருப்பதால், பேச்சிமுத்து ஜன்னலுக்குள் தலையை விட்டபடி காரோடு கூடவே ஓடி வந்தான். சத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் செல்லக்கனி அவர்கள் காதை முன் பக்கம் திருகுவாள், குறைக்கப் பின் பக்கம். மேட்டில் ஏறும்போது மட்டும் வலது பக்கத்துப் பாட்டு விட்டு விட்டு வந்தது. வயர் லூஸாக இருக்கும் என்று மாசானம் சொன்னான்.

விருந்துக்கு வந்த பால்ச்சாமி காரில் ஏறி ஒரு சுற்றுப் போய்க் கேட்டார். இறங்கியதும் முகத்தைச் சுளித்தார். "மாப்ள, எல்லாம் முன்னாலதான் கேக்குது. பின் கதவுல ஸ்பீக்கரே இல்லையே? கல்யாணத்துக்குச் சீர் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டீங்க. இத மறுக்கக் கூடாது." அடுத்த நல்ல நாளில் தாம்பூலம், பழத்தட்டோடு தன் மகன்கள் இரண்டு பேரையும் அனுப்பி வைத்தார்.

ஒரு நாள் அசன் பாய் போன் செய்தார். பாவம், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"அண்ணாச்சி, ஸ்பீக்கர் எப்படி இருக்கு?"

"மெல்லப் பேசுங்க பாய்" என்று சொரிமுத்து குசுகுசுத்தான். "ரெண்டும் பலகையில இருக்கு. இன்னும் பழகல."

"அப்பம் பின்னால என்னமோ பாட்டுச் சத்தம் கேக்குதே?"

"அது கார்ல ஓடுது பாய். முன்னால ரெண்டு எங்க வீட்டுது, பின்னால ரெண்டு பொண்ணு வீட்டுச் சீரு. நாலும் நல்லாப் பாடுது. மழையில நனைஞ்சதுல பின் வலதுக்கு மட்டும் ரெண்டு நாளா இருமல். உங்க கடையில கஷாயம் இருக்குமா?"